எல்லைக்கல்லில் நின்றுவிடும் கணினி மாதிரி

நமது நாடாளுமன்ற நிருபர்

புது தில்லி: அரசுப் பணத்தில் எழும் பாலமோ, சாலையோ, அலுவலகக் கட்டடமோ முதலில் கணினித் திரையில் முழுமையாகக் கட்டி முடிக்கப்பட வேண்டும், அதன் பிறகே களத்தில் மண்வெட்டி இறங்க வேண்டும் என்ற எண்ணம் மத்திய, மாநிலப் பொதுப்பணி அமைப்புகளில் கடந்த பத்தாண்டுகளாக மெல்ல வேரூன்றி வருகிறது. கட்டுமானத் தகவல் மாதிரி என்று தமிழில் இதைச் சொல்லலாம். பொறியாளர்கள் அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'பிம்' என்றே அழைக்கின்றனர். காலத்தில் முடியும் பணி, கணக்கில் நிற்கும் செலவு, முறைகேடற்ற அளவீடு ஆகிய மூன்றையும் இது தரும் என்பது தலைநகரில் சொல்லப்படும் வாக்குறுதி.

அந்த வாக்குறுதியை உரசிப் பார்ப்பதற்குத் தில்லியின் புதிய கட்டடங்களைவிடப் பொருத்தமான இடம் நாட்டின் தென்கோடியில் இருக்கிறது. கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர் முதலிய எல்லைக் கிராமங்களும், அவற்றைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் தமிழகத்தின் களியக்காவிளைப் பகுதியுமே அந்த இடம். தேசிய நெடுஞ்சாலை, மலையோர நெடுஞ்சாலை, இரட்டை ரயில்பாதை, நெய்யாறு இடதுகரைக் கால்வாய், சற்றே மேற்கில் விழிஞ்ஞம் துறைமுகம் என ஐந்து பெரிய பொதுப்பணிகள் ஒரு சிறிய நிலப்பரப்பில் இங்கு நெருங்கி நிற்கின்றன. ஐந்துக்கும் ஐந்து அமைப்புகள் பொறுப்பு. நடுவே 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலப் பிரிவினையில் வரையப்பட்ட கோடு ஓடுகிறது.

அளவுப் புத்தகத்தில் தொடங்கியது

புதிய முறையின் அருமை தெரிய வேண்டுமானால் பழைய முறையை நினைவுகூர வேண்டும். கட்டடக் கலைஞர் ஒரு வரைபடம் தருவார். தூண், உத்தரம் ஆகியவற்றுக்குப் பொறியாளர் வேறொன்று தருவார். மின்சாரத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தனித்தனிக் காகிதங்கள் வரும். இவை ஒன்றோடொன்று மோதுவது களத்தில்தான் தெரியும். உத்தரம் போகும் வழியில் குழாய் வந்து நிற்கும். உடைப்பார்கள், மாற்றுவார்கள், கூடுதல் பட்டியல் எழுதுவார்கள். தாமதமும் செலவும் அங்கிருந்தே பிறக்கின்றன.

'பிம்' முறையில் தூண் என்பது வெறும் கோடு அல்ல. அதன் நீள அகலம், கான்கிரீட்டின் தரம், உள்ளே செல்லும் கம்பியின் எடை, எழுப்பப்படும் நாள், ஆகும் செலவு எல்லாம் அந்த ஒரு தூணின் குறிப்பிலேயே அடங்கியிருக்கும். ஒன்றை மாற்றினால் மொத்த அளவுப் பட்டியலும் தானே மாறும். முப்பரிமாண உருவத்துடன் காலத்தைச் சேர்த்தால் நான்கு பரிமாணம், செலவையும் சேர்த்தால் ஐந்து பரிமாணம் என்று துறையினர் கணக்கிடுகின்றனர்.

பொதுப்பணி உலகின் வேதம் அளவுப் புத்தகம். இளநிலைப் பொறியாளர் அளந்து எழுதி, மேலதிகாரி சரிபார்த்துக் கையொப்பமிட்ட பிறகே ஒப்பந்ததாரரின் பட்டியலுக்குப் பணம் கிடைக்கும். அந்தப் புத்தகத்தில் ஏறாத வேலை நடந்ததாகக் கருதப்படாது. ஏறிய வேலை நடக்காமலும் இருக்கலாம். நாட்டின் கட்டுமான ஊழல்களில் பெரும்பகுதி இந்த வாக்கியத்தின் பின்பாதிக்குள் அடங்கிவிடும்.

மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2021 அக்டோபர் 29ஆம் தேதி வெளியிட்ட கொள்முதல், திட்ட மேலாண்மைப் பொது அறிவுரைகள் இந்தப் புத்தகத்தின் மீதே கைவைத்தன. அப்போது நிதித் துறைச் செயலராக இருந்த டி.வி. சோமநாதன் வெளியிட்ட அந்த ஆவணம், அளவுகளை மின்னணுப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்று அரசு அமைப்புகளை அறிவுறுத்தியது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அதற்கு முன்பே, 2020இல், ஒப்பந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதையும் 'டேட்டா லேக்' என்னும் இணையத் தொகுப்புக்கு மாற்றியிருந்தது. பணிநிலையை மாதந்தோறும் ஆளில்லாச் சிறு விமானம் மூலம் படமெடுக்கும் விதி 2021இல் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 13ஆம் தேதி தொடங்கப்பட்ட 'கதி சக்தி' தேசியப் பெருந்திட்டம், பல அமைச்சகங்களின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்க வகை செய்தது.

முழுமையான 'பிம்' முறையைப் பொறுத்தவரை மெட்ரோ ரயில் நிறுவனங்களே முந்திக்கொண்டன. நாகபுரி மெட்ரோ ஐந்து பரிமாண மாதிரியைக் கையாண்டது. தில்லி - மீரட் விரைவு ரயில் திட்டமும் இதே வழியில் சென்றது. ஆனால் எல்லா அரசுக் கட்டுமானத்துக்கும் பொருந்தும் ஒரே கட்டாய ஆணை இந்தியாவில் இல்லை. பிரிட்டனில் நிலைமை வேறு. 2011 மே மாதம் அறிவித்து, ஐந்தாண்டு அவகாசம் கொடுத்து, 2016 ஏப்ரல் 4ஆம் தேதி முதல் மத்திய அரசுத் திட்டங்கள் அனைத்துக்கும் இம்முறையைக் கட்டாயமாக்கினர். சிங்கப்பூரில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2015 முதல் கணினி மாதிரியாகவே அனுமதி கோர வேண்டும் என்றாயிற்று.

ஆனால் மாதிரி இருந்தால் மட்டும் பணி முடிந்துவிடாது. இம்முறைக்கு உலகளவில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட லண்டன் எலிசபெத் ரயில்தடம் 2018 டிசம்பரில் திறக்கப்பட வேண்டியது; 2022 மே 24ஆம் தேதிதான் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. செலவும் பல நூறு கோடி பவுண்டுகள் கூடியது.

கோட்டின் இருபுறமும் ஒரே சாலை

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் தேசிய நெடுஞ்சாலை 66இன் புறவழிச்சாலை, கழக்கூட்டத்தில் தொடங்கிக் காரோட்டில் முடிகிறது. முக்கோலையிலிருந்து காரோடு வரையிலான சுமார் 16 கி.மீ. தொலைவு சிமென்ட் கான்கிரீட்டால் அமைக்கப்பட்டது. கேரளத்தில் தேசிய நெடுஞ்சாலை ஒன்று அவ்வாறு அமைந்தது அதுவே முதல்முறை. அந்த அகன்ற சாலை எல்லையை எட்டியபோது, அதே நெடுஞ்சாலையின் குமரி மாவட்டப் பகுதி நிறைவடையாமல் கிடந்தது. நான்கு வழிச்சாலைப் பணி அங்கே பல ஆண்டுகள் முடங்கியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது நிரப்புமண் கிடைக்கவில்லை என்பது.

ஒரே ஆணையம், ஒரே சாலை எண், ஒரே அமைச்சகம். இருந்தும் ஒருபுறம் சாலை, மறுபுறம் மேடும் பள்ளமும். கணினி மாதிரி இங்கு என்ன செய்திருக்கும் என்று கேட்பது நியாயமே. எந்த இடத்தில் எத்தனை கன மீட்டர் மண் வேண்டும், எவ்விடத்தில் வெட்டிய மண்ணை எவ்விடத்தில் கொட்டலாம் என்பதை அது துல்லியமாகச் சொல்லும். ஆனால் பற்றாக்குறையாகும் மண் எந்தக் குளத்திலிருந்து, எந்தக் குன்றிலிருந்து வரும் என்ற இடம் மாதிரியில் வெற்றாகவே இருக்கும். பொறியியல், கொள்முதல், கட்டுமானம் மூன்றையும் ஒருவரிடமே ஒப்படைக்கும் ஒப்பந்த முறையில், பொருளைத் தேடிக் கொண்டுவருவது ஒப்பந்ததாரரின் பாடு. ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாளில் அரசுக்கும் அது தெரியாது. மண்ணை இழக்கப்போகும் ஊருக்கும் தெரியாது.

கல்லின் கதை இதைவிடக் கூர்மையானது. விழிஞ்ஞம் துறைமுக ஒப்பந்தம் 2015 ஆகஸ்ட் 17ஆம் தேதி கையெழுத்தாகி, அவ்வாண்டு டிசம்பரில் பணி தொடங்கியது. முதற்கட்டத்தில் சுமார் 3 கி.மீ. நீளமுள்ள அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் எழ வேண்டியிருந்தது. 2017இல் ஒக்கி புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. அதன் பின்னர் கருங்கல் தட்டுப்பாடு பணியின் கழுத்தை நெரித்தது. 2019இல் முடிந்திருக்க வேண்டிய துறைமுகம் 2024 டிசம்பரில்தான் வணிகச் செயல்பாட்டைத் தொடங்கியது. 2025 மே 2ஆம் தேதி பிரதமர் மோடி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அந்தக் கல்லில் கணிசமான பங்கு எல்லைக்கு இப்பால் இருந்து சென்றது. குமரி, நெல்லை, தென்காசி மாவட்டக் குவாரிகளில் ஏற்றப்பட்ட பாறைகளுடன் டாரஸ் லாரிகள் இரவும் பகலும் களியக்காவிளையைக் கடந்தன. அவற்றால் நேர்ந்த விபத்துகளும், உடைந்த ஊர்ச்சாலைகளும், குமரியின் மலைகள் கரைகின்றன என்ற முழக்கமும் தமிழக அரசியலில் இன்றுவரை ஓயவில்லை. லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு, எடைக் கட்டுப்பாடு, நடைச்சீட்டுச் சோதனை என்று ஆணைகள் அடுத்தடுத்து வந்தன. 2025 ஏப்ரலில் தமிழகம் கனிமவள நிலங்களுக்குப் புதிய வரியை நடைமுறைப்படுத்தியபோது, அதன் சுமை எல்லைக்கு அப்பாலுள்ள ஜல்லி விலையிலும் இறங்கியது.

இப்போது கணினி மாதிரியைத் திறந்து பாருங்கள். அலைதடுப்புச் சுவரின் ஒவ்வோர் அடுக்குக்கும் எந்த எடைக் கல், எத்தனை டன் என்று அதில் இருக்கும். அந்த டன் கணக்கை ஒருபுறமும், குவாரி நடைச்சீட்டுகளின் மொத்தத்தை மறுபுறமும் வைத்தால், அனுமதித்ததைவிட எவ்வளவு கல் மலையைவிட்டுப் போயிற்று என்பது ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துவிடும். இரண்டு கணக்குகளும் மின்னணு வடிவுக்கு வந்துவிட்ட காலம் இது. அவற்றைச் சேர்த்து வைக்கும் பொறுப்புதான் ஒருவரிடமும் இல்லை. துறைமுகம் கேரளத்தின் பொறுப்பு, குவாரி தமிழகத்தின் பொறுப்பு, இடையில் லாரி மட்டும் இரண்டுக்கும் பொது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கேரளப் பொதுப்பணித் துறையின் மதிப்பீடுகளுக்கு அடிப்படை, தில்லியில் மத்திய பொதுப்பணித் துறை தயாரிக்கும் விலைப்பட்டியல். அதன்மீது உள்ளூர் விலைக் குறியீட்டை ஏற்றிக் கணக்கிடுகின்றனர். ஆக, தில்லியில் அச்சான விலையில் மதிப்பிடப்பட்டு, தமிழக மலையில் உடைக்கப்பட்டு, கேரளச் சாலையில் விரிக்கப்படுகிறது பாறசாலை ஜல்லி.

வற்றிய கால்வாயும் பறக்கும் கேமராவும்

நெய்யாறு அணையிலிருந்து புறப்படும் இடதுகரைக் கால்வாய் இந்த எல்லைக் கிராமங்களின் வழியே வந்து விளவங்கோடு பகுதிக்குள் நுழைகிறது. மாநிலப் பிரிவினைக்கு முன் திருவிதாங்கூரின் தெற்கு முழுவதையும் ஒரே நிலமாகக் கருதித் திட்டமிட்ட கால்வாய் அது. தமிழகத்தில் அதன் பாசனப் பரப்பு 9,200 ஏக்கர். 2004 முதல் கேரளம் தண்ணீர் விடுவதை நிறுத்திக்கொண்டது. நெய்யாறு மாநிலங்களுக்கிடை நதியல்ல என்பது அதன் வாதம். தமிழகம் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது.

இக்கால்வாய்க்கும் கட்டுமான மாதிரிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு நெருக்கமானது. புதிய சாலைக்கோ ரயில்பாதைக்கோ நில அளவை செய்யும் ஆளில்லா விமானம் மேலிருந்து பார்க்கும்போது, இருபது ஆண்டுகளாக நீர் வராத கடைமடைக் கால்வாய் புதர் மண்டிய பள்ளமாகவே தெரியும். மாதிரி கண்டதை மட்டுமே பதியும். அந்தப் பள்ளத்துக்கு மேல் பெட்டிப் பாலம் வேண்டுமா, சிறு குழாய் போதுமா என்ற முடிவு அந்தப் பதிவிலிருந்து எடுக்கப்படும். நாளை உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து நீர் வந்தால், அது போக வழி இருக்க வேண்டும். வழக்கில் இருக்கும் உரிமை வரைபடத்தில் ஏறாவிட்டால், சிமென்ட்டில் அடைபட்டுப் போகும் ஆபத்து உண்டு. சானல், ஏலா, குளம், ஓடை என ஊரார் பெயர் சொல்லி அறிந்த நீர்வழிகள் ஒவ்வொன்றும் வறண்டிருந்தாலும் தகவலோடு மாதிரியில் இடம்பெற வேண்டும். அதை ஊராரைக் கேட்காமல் செய்ய முடியாது.

ஏலாக்களை, அதாவது வயல்வெளிகளை, மண் கொட்டி நிரப்பிச் சாலை அமைப்பதன் விளைவைக் கேரளம் 2025 மே 19ஆம் தேதி கண்கூடாகக் கண்டது. மலப்புரம் மாவட்டம் கூரியாட்டில், இதே தேசிய நெடுஞ்சாலை 66இன் உயர்ந்த மண்கரை அடியோடு சரிந்தது. அடியிலிருந்த வயல்மண் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. ஒப்பந்த நிறுவனமும் ஆலோசனை நிறுவனமும் ஆணையத்தால் விலக்கி வைக்கப்பட்டன. மண்கரைக்குப் பதில் தூண்கள் மீது சாலை என்று பின்னர் முடிவாயிற்று. கே.சி. வேணுகோபால் தலைமையிலான நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு இதைக் கையிலெடுத்து அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்டது.

மேலே எழும் சாலையைக் காட்டும் மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும், கீழே துளையிட்டு எடுத்த மண் ஆய்வுகள் எத்தனை என்பதில்தான் அதன் உண்மை இருக்கிறது. திரையில் கரை சரிவதில்லை.

காத்திருக்கும் சாலையோரம்

பழைய நெடுஞ்சாலையின் நிலை தனி. திருவனந்தபுரம் கரமனையிலிருந்து களியக்காவிளை வரை அதை நான்கு வழியாக அகலப்படுத்தும் பணி, கட்டம் கட்டமாகப் பல ஆண்டுகளாக நடக்கிறது. பிராவச்சம்பலம் வரை ஒரு கட்டம், கொடிநடை வரை இன்னொன்று, அப்பால் வழிமுக்கு வரை மற்றொன்று. வழிமுக்கிலிருந்து நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாக எல்லை வரையிலான பகுதி கடைசியாகக் காத்திருக்கிறது.

சாலையோரக் கடைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் இந்தக் காத்திருப்பு ஒரு தண்டனை. எந்தக் கோடு வரை எடுப்பார்கள் என்று தெரியாமல் வீட்டைப் புதுப்பிக்க முடியாது; மகளின் திருமணத்துக்கு விற்கலாம் என்றால் நியாய விலைக்கு வாங்க ஆள் வராது; கடையின் மேல் கடன் கேட்டால் வங்கி யோசிக்கும். முப்பரிமாண மாதிரியால் நேரடியாகப் பயன்பெறக்கூடியவர்கள் இவர்களே. சாலையின் மையக்கோட்டை ஓரடி நகர்த்தினால் எந்தச் சுவர் தப்பும், எந்தத் திண்ணை போகும் என்று மக்கள் முன்னிலையில் திரையிட்டுக் காட்டலாம். மாற்றுக் கோடுகள் மூன்றை வைத்து ஒவ்வொன்றிலும் எத்தனை கட்டடம் போகும் என்றும் எண்ணிக் காட்டலாம். பாறசாலையில் தெற்குமுனை கொண்டு காசர்கோடு வரை ஆயிரம் கி.மீ.க்கு மேல் நீளும் மலையோர நெடுஞ்சாலைக்கும், திருவனந்தபுரம் - கன்னியாகுமரி இரட்டை ரயில்பாதைக்கும் இது பொருந்தும்.

கேரளம் கணினிக்குப் புதிய மாநிலம் அல்ல. பொதுப்பணி மதிப்பீடுகளுக்கென்று தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய 'பிரைஸ்' என்ற மென்பொருள் அங்கு நடைமுறையில் உள்ளது. நிலங்களை மறுபடி அளக்கும் மின்னணு நில அளவை 2022 நவம்பர் 1ஆம் தேதி தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், கேரளக் கருவூல உலகில் 'பிம்ஸ்' என்றொரு சொல் ஏற்கெனவே உண்டு. அது கட்டுமான மாதிரியன்று. பட்டியல்களுக்குப் பணம் வழங்கும் நிதித் துறையின் மென்பொருள். இரண்டு பெயர்களில் உள்ளூர் ஒப்பந்ததாரருக்கு எது முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிறு ஒப்பந்ததாரர்களின் அச்சத்தையும் புறந்தள்ள முடியாது. 'பிம்' மென்பொருள்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு நிறுவனங்களுடையவை; ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியவை. கட்டாயம் என்று ஒரு நாள் ஆணை வந்தால் ஊர்ச்சாலையும் பள்ளிக் கட்டடமும் கட்டிப் பிழைத்தவர்கள் பெரிய நிறுவனங்களின் துணை ஒப்பந்தக்காரர்களாகத் தேய்ந்துபோவார்கள். அரசின் தரவு ஒரு நிறுவனத்தின் கோப்பு வடிவில் பூட்டப்படும் சிக்கலும் இருக்கிறது. எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய 'ஐ.எப்.சி.' என்ற பொது வடிவம் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டுள்ளது. ஒப்பந்தத்தில் அந்த வடிவத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் இந்தப் பூட்டு விழாது.

கட்டி முடித்த பின்னும் அந்தக் கோப்பு தேவை. எல்லைக்கு அருகில் மார்த்தாண்டத்தில் 2018இல் பயன்பாட்டுக்கு வந்த இரும்பு மேம்பாலத்தின் தளத்தில் 2024இல் ஓரிடம் பெயர்ந்து ஓட்டை விழுந்தது. எந்தப் பலகை, யார் வார்த்தது, எந்த நாளில் பொருத்தியது என்று அதே மணிநேரத்தில் பதில் தரக்கூடிய ஆவணம் ஒவ்வொரு பாலத்துக்கும் இருந்தாக வேண்டும். கட்டுவதைவிடப் பராமரிப்பதற்கே இம்முறை கூடுதலாக உதவும் என்று அனுபவமுள்ள நாடுகள் கருதுவது இதனால்தான்.

யாருக்குத் திறக்கும் இந்தத் திரை?

சட்டம் மக்கள் பக்கம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 2 (ஜே)யில், பணிகளைப் பார்வையிடவும், கட்டுமானப் பொருள்களின் சான்றளித்த மாதிரிகளை எடுக்கவும், கணினியில் உள்ள தகவலை மின்னணு வடிவில் பெறவும் குடிமக்களுக்கு உரிமை தந்துள்ளது. பிரிவு 4, கேட்காமலேயே வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. சிமென்ட்டையும் ஜல்லியையும் கையில் எடுத்துப் பார்க்கும் உரிமை பெற்ற குடிமகனுக்கு, அதே சிமென்ட்டின் கணக்கு உள்ள மாதிரியைப் பார்க்கும் உரிமை இல்லை என்று வாதிடுவது கடினம். வணிக ரகசியம், பாதுகாப்பு என்ற விலக்குகளைத் துறைகள் நீட்டக்கூடும். துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் அதில் ஓரளவு நியாயம் உண்டு. கல்வெர்ட்டுக்கும் ஊர்ச்சாலைக்கும் என்ன ரகசியம்?

'கதி சக்தி' தொகுப்பின் ஒரு பகுதித் தரவைத் தனியாருக்குத் திறப்பதாக மத்திய அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. முதலீட்டாளர்களை மனத்தில் கொண்ட அறிவிப்பு அது. நிலமிழப்பவருக்கும் பஞ்சாயத்து உறுப்பினருக்கும் புரியும்படி அதே தரவைத் தருவது தனிப் பணி. பாறசாலைப் பகுதியில் அது மலையாளத்தோடு தமிழிலும் இருக்க வேண்டும். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், அங்குள்ள தமிழர் தம் மொழியிலேயே அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்துள்ளது. மறுபுறம், விளவங்கோட்டின் பழைய நிலப்பத்திரங்கள் மலையாளத்தில் உள்ளன. எல்லையின் இருபக்கமும் மற்றவர் மொழியில் எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நில எடுப்பு அதிகாரியின் முன் நிற்கிறார்கள்.

நாடாளுமன்றத்துக்கும் இதில் தன்னலம் உண்டு. பாரத்மாலா திட்டம் குறித்து 2023 ஆகஸ்டில் தாக்கலான தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை, துவாரகா விரைவுச்சாலையின் செலவு கி.மீ.க்கு ரூ. 18.20 கோடி என்று ஒப்புதலான நிலையில் ரூ. 250.77 கோடிக்கு அனுமதிக்கப்பட்டதாகக் கூறியது. மேம்பாலங்களும் சுரங்கப்பாதையும் கொண்ட சாலையைச் சராசரிச் செலவோடு ஒப்பிட்டது தவறு என்று அமைச்சகம் மறுத்தது. அவையில் நாள்கணக்கில் கூச்சல் நடந்தது. பகுதி பகுதியாக அளவும் விலையும் கொண்ட மாதிரி ஒன்று உறுப்பினர்களின் நூலகத்தில் இருந்திருந்தால், இரு தரப்பில் யார் சொல்வது சரி என்பது ஓர் அமர்விலேயே தெரிந்திருக்கும். யாரும் அதைக் கேட்கவில்லை என்பது இந்த நிருபர் கவனித்தது.

கேட்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய இரண்டும் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் அடங்கியவை. எல்லைக்கு இப்பால் கன்னியாகுமரித் தொகுதி. 2024 தேர்தலில் முன்னதில் சசி தரூரும் பின்னதில் விஜய் வசந்தும் காங்கிரஸ் சார்பில் வென்றனர். இருவரும் சேர்ந்து ஒரு கேள்வி எழுப்பினால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் சாலைப் போக்குவரத்து அமைச்சரா, ரயில்வே அமைச்சரா, துறைமுக அமைச்சரா, நீர்வள அமைச்சரா என்பதில்தான் முதல் சிக்கல் எழும்.

அனைவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர ஓர் அமைப்பு இருக்கிறது. எல்லையை வரைந்த அதே 1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டம் உருவாக்கிய தென் மண்டலக் குழு அது. மத்திய உள்துறை அமைச்சர் தலைமையில் கூடும் அக்குழுவின் 30ஆவது கூட்டம் 2022 செப்டம்பர் 3ஆம் தேதி கோவளத்தில் நடைபெற்றது. தமிழகக் கருங்கல்லால் அலைதடுப்புச் சுவர் எழுந்துகொண்டிருந்த விழிஞ்ஞம் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ளது.